நாற்பத்திரண்டு சின்னச் சட்டைகள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கிய தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. இது இரண்டாவது தாள்.

ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. ஏழாவது தடவை உங்கள் மகள் எடுத்து, “அம்மா குளிக்கிறாங்க” என்றாள். அப்போது மத்தியானம் மூன்று மணி. கடிதம் வந்தால் குளியலறைக்குள் ஓட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் மறந்துவிட்டுப் போன குடையை அனுப்புவதற்காக முதலாளி குறித்து வைத்த தாளில் உங்கள் மகள் வீட்டு முகவரி இருந்தது. குடை வந்து சேர்ந்ததா?

நீங்கள் போய் இந்த மாதத்தோடு பதினொரு மாதம். துணிக்கடை அப்படியே இருக்கிறது என்று எழுதினால் பொய். பதினான்கு வருஷம் நாம் எதிரெதிரே நின்று துணி வெட்டிய நீள மேசையில் உங்கள் பாதியை முதலாளி ரெடிமேட் திரைச்சீலைகளுக்குக் கொடுத்துவிட்டார். முன்பு தலையை நிமிர்த்தினால் உங்கள் முகம் தெரியும். இப்போது பூப்போட்ட திரை தெரிகிறது. அது சிரிக்காது, திட்டாது, “ஒட்டடைக்குச்சி, அந்தக் கத்தரிக்கோலை இங்க தள்ளு” என்று சொல்லாது.

பின்னறையில் கம்பளித் துணி மூட்டைமேல் உட்கார்ந்துதான் இப்போதும் சாப்பிடுகிறேன். நீங்கள் உட்காரும் மூட்டை போன மாதம் விற்றுப் போய்விட்டது. யாரோ உங்கள் இருக்கையைக் கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர், “பொத்தான் அக்கா இல்லையா?” என்றுதான் உள்ளே நுழைகிறார்கள். நகக்கண் அளவு துண்டைக் கொண்டுவந்து, “இதே கலர்தான், ஆனா கொஞ்சம் வேற மாதிரி” என்று கேட்பாரே ஓர் அம்மா, அவர் உங்களைக் கேட்டுவிட்டு, என்னிடம் துண்டைக் காட்டாமலே திரும்பிப் போய்விட்டார்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். லாரி ஓட்டுநர் ஒருவர் வருகிறார். தன் வண்டி இருக்கைக்குத் தானே உறை தைக்கிறார். தடித்த கித்தான் துணி கொடுத்தேன். “மூணு ஊசி உடைஞ்சிடுச்சும்மா” என்று துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எனக்கு ஏதோ கை உடைந்ததைக் கொண்டுவந்து காட்டுகிற மாதிரி இருந்தது. அவருக்கு எந்த ஊசி, எந்த நூல் சொல்வது?

இதைக் கேட்கத்தான் எழுதினேன்.

தங்கச்சி

❖

பிப்ரவரி 21

பதினெட்டாம் நம்பர் ஊசி. நைலான் நூல். மடிப்பு நான்காகச் சேரும் இடத்தில் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்.

குடை வந்தது. கம்பி ஒன்று வளைந்திருக்கிறது.

உனக்கு இந்த ஊசி நம்பர் தெரியும். பதினான்கு வருஷத்தில் எனக்குத் தெரிந்து நீயே நூறு பேருக்குச் சொல்லியிருப்பாய். வேறு எதையோ கேட்க வந்து இதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதை எழுதுவதானால் எழுது. இல்லாவிட்டால் தபால்காரரை ஐந்து மாடி ஏற வைக்காதே.

❖

மார்ச் 2

அக்காவுக்கு,

எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன்.

அந்தச் சட்டைத் துணியை வெட்டியது நான்.

நீலக் கட்டம் போட்ட பருத்தி. வீட்டிலேயே தைக்கிற ஓர் அம்மா வாங்கினார். அதுவரை கிழிசல் தைப்பதும் ஓரம் அடிப்பதுமாக இருந்தவருக்கு, மழலையர் பள்ளி ஒன்றில் நாற்பத்திரண்டு சட்டைகளுக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் பெரிய வேலை. அன்று என் வெட்டுச் சீட்டுப் புத்தகம் தீர்ந்து போயிருந்தது. நீங்கள் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மேசைமேல் கிடந்த உங்கள் புத்தகத்தை எடுத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். சீட்டில் அச்சாகியிருக்கும் என் எண் ஏழு. உங்கள் எண் நான்கு. அவர் கையில் நான்கு போயிற்று. அப்போது அதில் ஒரு சூதும் இல்லை அக்கா. சத்தியமாக இல்லை.

அவர் கேட்டார்: “இதை நனைச்சுக் காயவச்சு வெட்டணுமா, அப்படியே வெட்டலாமா?”

நான் சொன்னேன்: “அப்படியே வெட்டுங்க. சுருங்காது.”

பக்கத்துத் துணிச்சுருளில் இருந்த கலப்புத் துணி என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் கணவர் பையோடு வந்தது உங்களுக்கே தெரியும். முதல் துவையலிலேயே சட்டையெல்லாம் மேலே ஏறி, பிள்ளைகளின் வயிறு தெரிந்ததாம். பள்ளிக்கூடம் நாற்பத்திரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கைகளாக விழுந்தன. முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்து, “நாலாம் நம்பர்” என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

நான் கண்ணாடிக் குடுவையிலிருந்த பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

கடையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் முதல் வாடிக்கையாளரிடம் பேசும்போது குரல் கரகரவென்று வரும். “சளி பிடிச்சிருக்கா?” என்று நீங்கள் கேட்பீர்கள். சளி இல்லை அக்கா. அந்த வேலையும் போய்விட்டால் என்ன ஆவேன் என்று அந்த ஒரு நிமிஷம் பயந்தேன். அந்த நிமிஷம் கடந்ததும் நீங்கள் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தங்கச்சி

❖

மார்ச் 16

ஒட்டடைக்குச்சிக்கு,

எனக்கு அன்றைக்கே தெரியும். சீட்டை முதலாளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் மீட்டர் கணக்கில் ஓர் ஐந்து இருந்தது. ஐந்துக்குக் கொக்கி போட்டு எழுதுகிறவள் அந்தக் கடையில் நீ ஒருத்திதான். பதினான்கு வருஷமாக நான் கேலி செய்த ஐந்து. எனக்குத் தெரியாமல் போகுமா?

‘தெரிந்தும் சொல்லாமல் எனக்காக வேலையை விட்டுப் போன தெய்வமே’ என்று உடனே கண்ணைத் துடைக்காதே. உனக்காக ஒன்றும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நீ திறப்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி, “கண்ணும் முன்ன மாதிரி இல்ல, பொண்ணு வீட்டுல போய் நிம்மதியா இருங்க” என்றார். அப்போதும் பார்த்தேன். கத்தரிக்கோலைத் துடைத்தபோது பார்த்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது வேண்டுமென்றே நேரமெடுத்து மாட்டினேன். உன் தலை நிமிரவே இல்லை. குடையை நான் மறக்கவில்லை. அதைக் கொடுக்கிற சாக்கிலாவது நீ ஓடி வருவாய் என்று விட்டுவிட்டு வந்தேன். தபாலில் வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் மூன்று வண்டிகளை விட்டேன்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மகளும் மருமகனும் ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்கு வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஒரு குறையும் வைப்பதில்லை. சட்டை கிழிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். ஊசி எங்கே என்று கேட்டேன். வீட்டில் ஊசியே இல்லை. பேச ஆள் இல்லாமல், இங்கே ஒரு பெரிய துணிக்கடை இருக்கிறது, அங்கே போய்ச் சும்மா சுற்றுவேன். நாலு மாடி. எல்லாம் அலமாரியில், எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. போன வாரம் ஒரு பெண், வயிற்றுப் பிள்ளைக்காரி, இரண்டு துணியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக நின்றாள். “பாப்பாவுக்கா? இது உறுத்தும், அந்த மஸ்லினை எடுங்க. தையலை வெளிப்பக்கமா வச்சுத் தைங்க, உடம்புல படாது” என்றேன். அவள் முகம் மலர்ந்து இன்னும் என்னென்னவோ கேட்டாள். கடைக் காவலாளி வந்து, “நீங்க இங்க வேலை பார்க்கிறீங்களாம்மா?” என்றான். “இல்ல” என்றேன். “அப்ப வாடிக்கையாளர்களைத் தொந்தரவு பண்ணாதீங்க.”

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டேன். இதை மகளிடம் சொல்லவில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

இருக்கட்டும். உன் கடிதத்தில் ஓர் இடம் இடிக்கிறது. பருத்தியையும் கலப்புத் துணியையும் நீ கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவாய். பக்கத்துச் சுருள் என்று நினைத்தேன் என்கிறாயே, அந்தக் கதையை முதலாளியிடம் சொல். இன்னொன்று. அந்தக் கணவர் கத்தும்போது என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? “பொத்தான் அக்கா, பொத்தான் அக்கான்னு ஊரே சொல்லுதேன்னு நம்பிக் கேட்டா, என் பொண்டாட்டி பொழப்பையே கெடுத்துட்டீங்களே!” சீட்டில் இருந்தது எண்தான். பெயர் இல்லை. அந்த அம்மாவை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. என் பெயர் எப்படி அங்கே போயிற்று?

மன்னிப்பை என்னிடம் கேட்டுவிட்டாய். அந்த அம்மாவிடம் கேட்டாயா?

அக்கா

❖

மார்ச் 24

அக்காவுக்கு,

அவர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். தெருமுனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

நாளை மறுநாள் போவேன். போய்விட்டுத்தான் எழுதுவேன்.

❖

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

போனேன்.

மாடிப்படிக்குக் கீழே சின்ன வீடு. கதவைத் தட்டியதும் அவரே திறந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க பொத்தான் அக்கா. உங்களைப் பார்க்க எந்த முகத்தோட வர்றதுன்னுதான் இத்தனை நாளா வரல. வீட்டுக்காரர் கடையில வந்து கத்தினதுல உங்க வேலையே போயிடுச்சாமே. சட்டை போனா போகுது, ஒரு மனுஷி பொழப்பு போயிடுச்சேன்னு எனக்குச் சோறு இறங்கல அக்கா. என்னை மன்னிச்சிடுங்க.”

என்னிடம் சொன்னார் அக்கா. உங்களுக்குப் போக வேண்டிய மன்னிப்பை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அன்று அவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்டது இதுதான்: “பொத்தான் அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே. அவங்களைக் கேட்டு வாங்கு, சரியாச் சொல்வாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்லி அனுப்பினாங்க. நீங்கதானே?”

அன்று காலையிலிருந்து ஒன்பது பேர் உங்களைக் கேட்டிருந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் விலகி நின்று, கையை நீட்டி, “அதோ இருக்காங்க” என்று ஒன்பது தடவை சொல்லியிருந்தேன். பத்தாவது தடவை, “ஆமாம், நான்தான்” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். என்னைப் பார்த்து யாருக்கும் அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. கால் மணி நேரம் கேள்விமேல் கேள்வி. கழுத்துக்கு உள்ளே என்ன வைப்பது, காஜா எடுக்க எந்த நூல் என்று. எல்லாவற்றுக்கும் உங்களைப் போலவே புருவத்தைத் தூக்கிப் பதில் சொன்னேன். எல்லாம் சரியான பதில்தான். கடைசியாக, நனைக்க வேண்டுமா என்று கேட்டார். நான் அந்தத் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் தொட்டுப் பார்க்காமலே சொல்வீர்களே, அதே மாதிரி சொன்னேன். நீங்கள் சாப்பிட்டு முடித்து வருவதற்குள் அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

இதையெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்றே சொன்னேன். “நான் அவங்க இல்லம்மா. வேலை போனது அவங்களுக்கு. சுருங்காதுன்னு சொன்னது நான்.”

அவர் பிடித்திருந்த கையை விட்டார். உதறவில்லை. மெதுவாக விட்டார்.

உள்ளே தையல் மெஷின்மேல் துணிமணி, பழைய பேப்பர் எல்லாம் குவிந்து கிடந்தன. இப்போது ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாராம். மூலையில் அந்தப் பை அப்படியே இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, “குடுங்கம்மா, கீழே ஒரு பட்டி வச்சு நீளம் கூட்டித் தர்றேன். நாற்பத்திரண்டும் நானே தைக்கிறேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அந்தப் புள்ளைங்க எல்லாம் வளர்ந்துட்டாங்க.”

பிறகு கதவில் கை வைத்து, “நான் மன்னிப்புக் கேட்டேன்னு அந்த அக்காகிட்டச் சொல்லிடுங்க. உங்ககிட்டப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல” என்று கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார்.

மறுநாள் முதலாளியிடமும் சொன்னேன். என்னையும் அனுப்பிவிடுவார் என்று என் டப்பா, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேசையைப் பாதியாக்குறதுன்னு அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். உங்க ரெண்டு பேர்ல யாரை அனுப்புறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. அந்தச் சட்டை வந்து என் வேலையைச் சுலபமாக்கிடுச்சு. பழசை ஏம்மா கிளறுற? போய் அந்தத் திரையையெல்லாம் தூசி தட்டு.”

தட்டினேன்.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்பது பொய். தினமும் படிக்கட்டில் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன்.

தங்கச்சி

❖

ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஆத்திரம். இரண்டாவது தடவை, நீ புருவத்தைத் தூக்கிப் பதில் சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக உன்மேல் இன்னும் கோபம் வந்தது.

கால் மணி நேரம் நானாக இருந்து பார்த்தாயே, இங்கே வந்து இப்போதைய நானாக ஒருநாள் முழுக்க இருந்து பார்த்தால் அந்த ஆசை அன்றைக்கே போய்விடும். அந்த ஒன்பது பேரை நான் எண்ணவில்லை. ஆனால் யாரும் உன்னைக் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியாதென்று சொல்ல மாட்டேன். நீ பதில் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியாது என்பதற்காக அல்ல. என்னைக் கேட்டால் எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். அது இருந்த வரையில் அதன் அருமை எனக்கே தெரியவில்லை. இன்றைக்கு யாராவது வந்து, “இதுக்கு எந்த நூல் போடணும்?” என்று கேட்டால் வாசல்வரை போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்.

முதலாளி சொன்னதைப் படித்தேன். இரண்டு பேரில் ஒருத்தி எப்படியும் போயிருப்பாள். ஆகவே நீ என் வேலையைப் பிடுங்கிக்கொண்டாய் என்று இனிமேல் சொல்ல எனக்கு வழியில்லை. சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் உன்னைப் பார்த்தேன், நீ பொத்தானை எண்ணினாய். அதற்கு முதலாளி பதில் சொல்ல முடியாது. நீயும் சொல்ல முடியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ நிம்மதியாகத் தூங்குவாய். அப்படி ஒன்று இப்போதைக்கு என்னிடம் இல்லை. இருந்தால் அனுப்பியிருப்பேன். பொய்யாக அனுப்ப மாட்டேன்.

அந்த அம்மாவின் முகவரியை எழுதி அனுப்பு. அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை அவர் என் கையெழுத்தில் படிக்கட்டும். உன்னைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். மெஷின்மேல் குப்பையை ஏற்றி வைத்தால் சக்கரம் இறுகிவிடும் என்று மட்டும் எழுதுவேன். எண்ணெய் விடுகிறாரா இல்லையா என்பது அவர் பாடு.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக இந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மே மாதம் பத்தாம் தேதி மகளும் மருமகனும் வெளியூர் போகிறார்கள். வர ஐந்து நாள் ஆகும். என்னையும் கூப்பிட்டார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். முட்டியில் ஒன்றும் இல்லை.

உனக்கு விடுப்பு கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைத்தாலும் வருவாயா என்று தெரியாது. வந்தால் என்ன பேசுவோம் என்றும் தெரியாது. ஒன்றும் பேசாமல் இருந்தாலும் இருப்போம். ரயில் நிலையத்திலிருந்து பத்தொன்பதாம் எண் பேருந்து. கடைசி நிறுத்தம். பால்கனியில் பச்சைத் துண்டு காய்கிற கட்டடம். ஐந்தாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது, நின்று நின்று ஏறி வா.

உன்னைக் கூட்டிக்கொண்டு வர நான் ரயில் நிலையத்துக்கெல்லாம் வர மாட்டேன். அதை எதிர்பார்க்காதே.

கதவைத் திறப்பேன்.

அக்கா